அச்சுவேலியில் ஒரு கிணற்றடி

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெருவில் கோப்பாயையும் நீர்வேலியையும் கடந்துவிட்டால், இருமருங்கிலும் வாழைத் தோட்டங்களும் செம்மண் தரையுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சிதான். புத்தூர்ச் சந்தியில் இறங்கி மேற்கே சிறிது தூரம் நடக்க மனமுள்ளவர்கள் நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றையும் பார்த்துவரலாம். இராமபிரான் அம்பெய்து உண்டாக்கினார் என்று நம் முன்னோர் சொன்ன அந்தக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருக்கும். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நமது குடாநாட்டின் இரகசியம் முழுவதும் அந்த ஒரு கிணற்றுக்குள் அடங்கியிருக்கிறது. மழைநீர் செம்மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலே தேங்கி, கீழே உள்ள கடல்நீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நாம் குடிப்பதும் குளிப்பதும் பயிருக்கு இறைப்பதும் அதனைத்தான்.

இதை முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணமுண்டு. சென்ற மாதம் நான் அச்சுவேலிக்குப் போனது ஒரு கிணற்று வழக்கைத் தீர்ப்பதற்காக. அது எல்லை வழக்கன்று. பங்குக் கிணறு பற்றிய பிணக்குமன்று. நமது ஊரில் இதற்குமுன் எவரும் தொடுத்திராத புதுமாதிரியான வழக்கு.

ஆவரங்காலில் பெருந்தெருவை விட்டு இடதுபுறம் திரும்பினால் சிறிது நேரத்தில் அச்சுவேலிச் சந்தி வந்துவிடும். சந்தை, கடைகள், தேநீர்க்கடை வாசலில் பத்திரிகை படிப்போர், மத்திய கல்லூரிக்கும் புனித திரேசாள் கல்லூரிக்கும் போகும் மாணவ மாணவியர் என்று காலை வேளையில் சந்தி கலகலப்பாக இருக்கும். இங்கிருந்து கிழக்கு வடக்காகப் போகும் தெரு தொண்டைமானாற்றுக்கும் செல்வச்சந்நிதிக்கும் செல்கிறது. வடக்கே போனால் இடைக்காடும் வளலாயும், அப்பால் கடல். மேற்கே வசாவிளானும் பலாலியும். உலகப் பெரும்போர் நடந்த காலத்தில் பிரித்தானிய ஆகாயப் படையினர் பலாலியில் விமானத்தளம் அமைத்தபோது, அந்த நிலத்துண்டு பிற்காலத்தில் இந்தப் பகுதி மக்களின் தலைவிதியையே எழுதப்போகிறது என்று எவர் நினைத்திருப்பார்?

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபின் பலாலியைச் சூழ்ந்த கிராமங்களெல்லாம் வெறிச்சோடின. 1995 ஒக்டோபரில் பலாலியிலிருந்து புறப்பட்ட படை நடவடிக்கை அச்சுவேலி, புத்தூர், நீர்வேலி என்று இந்த வழியாகவே நகரை நோக்கிச் சென்றது. அம்மாத முடிவில் வலிகாமம் முழுவதுமே ஓரிரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்ததை, நடந்தவர்கள் எவரும் மறக்கமாட்டார்கள். நானும் நடந்தவன். அந்தக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. போரில் அழிந்துபோன அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2014இல் மறுபடி திறக்கப்பட்டதையும், பலாலியில் 2019 ஒக்டோபரிலிருந்து வெளிநாட்டு விமானங்கள் வந்திறங்குவதையும், வசாவிளானிலிருந்து பலாலி செல்லும் வீதி 2025 ஏப்ரலில் சில கட்டுப்பாடுகளுடன் திறந்துவிடப்பட்டதையும் சொன்னால் போதும். ஊர் மெல்ல மெல்லத் தன் மூச்சை மீட்டுக்கொண்டு வருகிறது.

வளலாய் அச்சுவேலிச் சந்தியிலிருந்து தொலைவில் இல்லை. ஓட்டோக்காரத் தம்பி பேச்சுக் கொடுத்துக்கொண்டே என்னை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டான். எனக்கு அக்கா முறையான ஒருவர் அங்கே வசிக்கிறார். வயது எழுபத்தெட்டு. 1990இல் குடும்பத்தோடு வெளியேறி, இருபத்தைந்து வருடம் இரவல் வீடுகளிலும் வாடகை வீடுகளிலும் கழித்து, 2015 மார்ச் மாதத்தில் வளலாய்க் காணிகள் விடுவிக்கப்பட்டபோது முதலாவதாக ஓடிவந்தவர்களுள் அவரும் ஒருவர். வந்து பார்த்தபோது வீடு இல்லை. அத்திவாரம் மாத்திரம் இருந்தது. வேலி இல்லை, எல்லைக்கு நின்ற பனைகளில் இரண்டு தலையில்லாமல் நின்றன. கிணறு மட்டும் இருந்தது. அதற்குள்ளும் கல்லும் மண்ணும் பழைய ரயர்களும் கிடந்தன. மூன்று நாள் ஆள் வைத்து அள்ளி, இயந்திரம் வைத்து இறைத்து, நான்காம் நாள் ஊற்றுக்கண் திறந்து தெளிநீர் வந்தபோது, அக்கா கிணற்றுக்கட்டில் கற்பூரம் கொளுத்திவிட்டு முதற் செம்பு தண்ணீரைத் தாமே குடித்தாராம். இதை அவர் சொல்லி நான் குறைந்தது இருபது தடவை கேட்டிருக்கிறேன்.

இந்தக் கிணற்றின் நீரில் நஞ்சிருக்கிறது என்று ஒருவன் சொன்னால் அவர் பொறுப்பாரா? சொன்னவன் வேறு யாருமல்லன். அவருடைய தங்கையின் மகன், இலண்டனிலிருந்து மனைவியுடனும் ஒன்பது வயது மகளுடனும் விடுமுறைக்கு வந்தவன். படலையைத் திறக்கும்போதே முறைப்பாடு தொடங்கிவிட்டது.

“தம்பி, வந்திட்டியே! இவனைக் கேள். அவன்ர கொப்பாட்டன் வெட்டின கிணறு. என்ர தண்ணி குடிக்கமாட்டானாம். பிள்ளையையும் குடிக்க விடுறானில்லை. போத்தில் தண்ணி வாங்கி அடுக்கி வைச்சிருக்கிறான் பார்.”

விறாந்தையில் உண்மையாகவே இரண்டு டசின் போத்தல்கள் அடுக்கியிருந்தன. வெளிநாட்டிலிருந்து வருவோர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று போத்தல் நீர் குடிப்பது புதிதன்று. நான் அப்படி நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

“மாமா, வயித்துக்குப் பயந்தில்லை. மண்ணுக்குப் பயந்து.”

அவன் இந்த ஊரைவிட்டுப் போகும்போது எட்டு வயது. இலண்டனில் வளர்ந்து, பிரித்தானிய இராணுவத்திற் சேர்ந்து, 2003ஆம் ஆண்டு ஈராக்கில் பஸ்ராப் பக்கம் இருந்தவன் என்பது எங்கள் உறவினருக்குள் அதிகம் பேசப்படாத செய்தி. ஊரை அழித்தது யுத்தம். இவன் போய் இன்னொரு யுத்தத்திற்குக் கூலியாளாக நின்றான் என்று சிலர் முகஞ்சுளித்ததுண்டு. பழுதுபட்ட வாகனங்களை இழுத்துவந்து திருத்தும் பிரிவில் அவன் இருந்தான். எரிந்துபோன தாங்கிகளுக்கருகிலே நின்று சங்கிலி மாட்டுவது அவன் வேலை. இராணுவத்தை விட்டு விலகிப் பல வருடமாகிறது. மூட்டு வலி, நித்திரையின்மை, படியேறினால் மூச்சிரைப்பு. வைத்தியர்கள் பலர் பார்த்தும் ஒரு பெயர் சொல்லவில்லை.

மாலையில் பூவரசமர நிழலில் இருக்கும்போது சட்டைப்பையிலிருந்து ஒரு சிறிய அட்டையை எடுத்துக் காட்டினான். ஈராக்குக்குச் சென்ற படையினருக்குப் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சு கொடுத்த அட்டை அது. வலுக்குன்றிய யுரேனியக் குண்டுகள் பாவிக்கப்பட்ட களத்தில் நீர் கடமையாற்றியிருக்கிறீர். அதன் தூசு உம்முடைய உடலிற் சேர்ந்திருக்கக்கூடும். விரும்பினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். ஓரங்கள் தேய்ந்து, மடித்த இடம் வெளிறிப்போயிருந்தது.

வலுக்குன்றிய யுரேனியம் என்றால் என்ன என்று மாணவ வாசகர்கள் கேட்கக்கூடும். நிலத்திலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் இருவகை அணுக்கள் முக்கியமானவை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் 238 என்ற எண் கொண்ட வகை. ஒன்றுக்கும் குறைவாக, அதாவது 0.7 வீதமளவில், 235 என்ற வகை. அணு உலைக்கும் அணுகுண்டுக்கும் வேண்டியது இந்த இரண்டாவது வகை. அதனைப் பிரித்துச் சேர்த்தபின் எஞ்சும் சக்கைதான் வலுக்குன்றிய யுரேனியம். அதில் 235 வகை 0.2 வீதமளவுக்கு இறங்கிவிடும். கதிர்வீச்சும் இயற்கை யுரேனியத்தினும் ஐந்தில் இரண்டு பங்கு குறைவு. தேங்காய்ப்பால் பிழிந்தபின் எஞ்சும் பூவை மாட்டுக்குப் போடுவதுபோல, இந்தச் சக்கையையும் வீணாக்காமல் ஒரு பயனுக்குக் கொண்டுவந்தார்கள். என்ன பயன் என்பதுதான் வேதனை. ஈயத்தைவிட ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு அடர்த்தியானது அது. குண்டின் முனையாகச் செய்து சுட்டால் தாங்கியின் இரும்புச் சுவரைத் துளைக்கும்போது மழுங்காமல் மேலும் மேலும் கூராகிக்கொண்டே போகும். உள்ளே சென்றதும் தீப்பற்றிப் பொடியாகும். அந்தப் பொடிதான் தூசாகக் காற்றில் எழுகிறது.

இந்த உலோகம் விடும் அல்பாக் கதிரை ஒரு கடதாசி தடுத்துவிடும். நமது தோலும் தடுக்கும். ஆகவே ஒரு துண்டு வெளியே கிடந்தால் பெரிய ஆபத்தில்லை. தூசைச் சுவாசித்தாலோ, உணவோடும் நீரோடும் விழுங்கினாலோதான் கவலை. சுவாசப்பையில் தங்கினால் உள்ளிருந்தே கதிர் விடும். இரத்தத்திற் கலந்தால் ஈயம், பாதரசம் போன்ற பார உலோகங்களைப்போலச் சிறுநீரகத்தை வருத்தும். ஆனால் யுரேனியம் என்ற பெயரைக் கேட்டவுடனே நடுங்கவும் வேண்டியதில்லை. அது எல்லா மண்ணிலும் சிறிதளவு உண்டு. நாம் ஒவ்வொருவரும் உணவுடன் நாளொன்றுக்கு ஓரிரு மைக்கிரோகிராம் உட்கொண்டே வருகிறோம். குடிநீரில் லீற்றருக்கு 30 மைக்கிரோகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் இக்குண்டுகள் முதன்முறையாகப் பெருந்தொகையாகப் பாவிக்கப்பட்டன. ஏறத்தாழ 300 தொன் என்பது கணக்கு. பின்னர் பொஸ்னியாவிலும், 1999இல் கொசோவோவிலும், 2003இல் மறுபடி ஈராக்கிலும் பாவித்தார்கள். இந்தக் கடைசிப் போரில் பிரித்தானியா சுட்டது மாத்திரம் 1.9 தொன். போர் முடிந்து வீடு திரும்பிய படைவீரர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு விளங்காத நோய்கள் வந்தன. பஸ்ராவிலும் பலூஜாவிலும் அங்கவீனமாகப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி அங்குள்ள வைத்தியர்கள் முறையிட்டார்கள். காரணம் இந்த யுரேனியந்தான் என்று ஒருசாரார். இல்லவே இல்லை என்று குண்டு சுட்ட அரசாங்கங்கள். சுட்டவன் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்பது நியாயமான கேள்விதான். வியட்நாமில் 1962 முதல் 1971 வரை காட்டின்மேல் தெளித்த நஞ்சினால் நோயுற்ற அமெரிக்கப் படைவீரருக்கு அவர்களுடைய சொந்த நாடு 1991இல்தான் ஒரு சட்டம் செய்து நிவாரணத்திற்கு வழிவிட்டது. வியட்நாமியருடைய கதை அதனினும் நீளமானது.

ஆயினும் ஆராய்ச்சிகள் சொன்னவற்றையும் நாம் கேட்கவேண்டும். 1991இல் தம் பக்கத்துத் தாங்கிகளாலேயே தவறுதலாகச் சுடப்பட்டு, யுரேனியச் சிதறல்களை உடம்புக்குள் சுமந்துகொண்டு பிழைத்த அமெரிக்க வீரர்களைப் பால்ரிமோர் நகர வைத்தியர்கள் 1993 முதல் தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். அவர்களுடைய சிறுநீரில் யுரேனியம் மிகுதியாக வருகிறது. ஆனால் அதற்கேற்ற பெரிய சிறுநீரக நோய் காணப்படவில்லை. பிரித்தானியாவில் 1991ஆம் ஆண்டுப் போருக்குச் சென்ற நானூறு பேருக்கு மேற்பட்டோரைச் சோதித்து 2007இல் அறிக்கை வெளியிட்டார்கள். வலுக்குன்றிய யுரேனியம் ஒருவரிடமும் அகப்படவில்லை. 2021இல் வெளிவந்த இன்னோர் ஆராய்ச்சியும் வளைகுடா நோயாளர்களின் சிறுநீரில் அதனைக் காணவில்லை. அடுத்த வருடம் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு வேறொரு குற்றவாளியைச் சுட்டிக்காட்டியது. ஈராக்கின் ஆயுதக் களஞ்சியங்கள் குண்டுவீச்சில் தகர்ந்தபோது காற்றிற் பரவிய சாரின் என்னும் நரம்பு நஞ்சு அது. அந்த வீரர்கள் நோயாளிகள் என்பது பொய்யன்று. அவர்கள் விரல் நீட்டிய பொருள்தான் வேறாக இருந்திருக்கிறது. இதை அறிய முப்பத்தொரு வருடம் சென்றது.

இவற்றுள் சிலவற்றை அவனும் வாசித்திருந்தான். வேறொன்றையும் வாசித்திருந்தான், அதுதான் இந்தக் கிணற்று வழக்குக்கு அடிப்படை. ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பினர் போர் முடிந்து ஏழு வருடத்தின்பின் பொஸ்னியாவுக்குச் சென்று சோதித்து 2003இல் வெளியிட்ட அறிக்கையில், மண்ணிற் புதைந்த குண்டுகள் துருப்பிடித்துக் கரைந்து, ஓரிடத்தில் குடிநீரிலும் வலுக்குன்றிய யுரேனியத்தின் தடயம் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். அளவு மிகச் சிறிது, தீங்கு செய்யாதது. எனினும் அப்பகுதி நீரை வருடாவருடம் சோதிக்கும்படி சொன்னார்கள்.

“ஏழு வருஷத்திலை அங்கை தண்ணிக்கு வந்ததெண்டால், இங்கை இருபத்தைஞ்சு வருஷம் ஆமி இருந்த காணி மாமா. செல் விழுந்த காணி. இந்தக் கல்லுக்குள்ளாலை தண்ணி எவ்வளவு கெதியாய் இறங்கும் எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?”

தெரியும். நமது சுண்ணாம்புக்கல் ஒரு சல்லடை. மழை பெய்தால் கிணற்று மட்டம் எழும்ப நாட்கணக்குப் போதும். மேலே எதை ஊற்றினாலும் கீழே வந்துசேரும். அவ்வளவில் அவன் சொல்வதில் பிழையில்லை. ஆனால் இந்த நாட்டுப் போரில் யுரேனியக் குண்டு பாவிக்கப்பட்டதற்குப் பதிவு எதுவும் இல்லை. அதைச் சொன்னேன். “பதிவு இல்லையெண்டால் நடக்கேல்லையோ மாமா?” என்று கேட்டான். நமது நாட்டிற் பிறந்த ஒருவனிடம் அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்வது எளிதன்று. நான் வேறு கேள்வி கேட்டேன்.

“அந்தச் சோதனையை நீ செய்தனியோ?”

அவன் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு வெகுநேரம் பேசவில்லை. கிணற்றடியில் அவன் மகள் வாளிக் கயிற்றை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அக்கா அருகில் நின்று துலாக் கிணற்றுக் காலத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் மொழி மற்றவருக்கு அரைவாசிதான் விளங்கும். இருவரும் சிரித்தார்கள்.

“இல்லை மாமா. இருபது வருஷமாய் வைச்சிருக்கிறன். இருக்கெண்டு சொன்னால் பிள்ளைக்கும் ஏதும் வருமோ எண்டு ஒவ்வொரு நாளும் யோசிக்கவேணும். இல்லையெண்டு சொன்னால்... அப்ப எனக்கு என்ன வருத்தம்? மண்டைக்குள்ளைதான் எண்டு சொல்லுவினம்.”

தன் உடம்பைச் சோதிக்க அஞ்சியவன் கிணற்றைச் சோதிக்கத் துணிந்திருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அவனிடம் அதைச் சொல்லவில்லை.

அன்றிரவு அக்காவுக்கு விடயத்தை எடுத்துச் சொன்னேன். யுரேனியத்தை நான் எவ்வளவோ விளக்கியும் அவருக்கு அது ஒருவகைச் சூனியம்போலவே பட்டது. அவர் அறிந்த யுத்த எச்சம் கையாற் தொடத்தக்கது. காணி விடுவிக்கப்பட்ட புதிதில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் எங்கே நின்றன, மிதிவெடி அகற்றுவோர் கயிறு கட்டி அங்குலம் அங்குலமாகத் தோட்டத்தைக் கிளறியபோது எத்தனை நாள் தாம் ஒழுங்கையில் பாய் விரித்துக் காத்திருந்தார் என்பதையெல்லாம் கையைக் காட்டிச் சொன்னார். மரப்பெட்டியில் செய்த ஜொனி மிதிவெடியின் பெட்டி உக்கிப்போகும், மருந்து உக்காது. பிளாஸ்டிக் உறையிட்டவை துருப்பிடிப்பதேயில்லை. முப்பது வருடமாயினும் மாட்டின் காலடிக்காகவும் சிறுவனின் காலடிக்காகவும் அவை காத்துக்கொண்டு கிடக்கும். 2017 டிசெம்பரில் நமது நாடு மிதிவெடித் தடைச் சாசனத்திற் சேர்ந்தது. 2028 யூன் மாதத்துக்குள் நாடு முழுவதையும் துப்புரவாக்கிவிட வேண்டும் என்பது தவணை. அந்த வேலையிற் பெரும்பங்கை, வெயிலில் முழங்காலிட்டு, நமது வன்னிப் பெண்கள் செய்கிறார்கள் என்பதை வெளியுலகம் அறிந்த அளவுக்கு நாம் அறிந்திருக்கிறோமோ தெரியாது. காலிழந்தவர்களுக்கு 1987 முதல் யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் செய்து கொடுத்து வருகிறது. அக்காவின் அயல் ஒழுங்கையிலும் அப்படி ஒருவர் சைக்கிள் ஓட்டிப் போவதைக் கண்டேன்.

கண்ணுக்குத் தெரியாத எச்சமும் உண்டு என்பதை மறுக்க முடியாது. செல்லிலும் மிதிவெடியிலும் அடைத்த மருந்துகளுள் ஆர்.டி.எக்ஸ் எனப்படுவது மண்ணில் ஒட்டிக்கொள்ளாமல் மழைநீருடன் கீழிறங்கும் இயல்பினது. உலகத்தில் பல இராணுவப் பயிற்சி நிலங்களின் கீழுள்ள நீரில் அதனைக் கண்டிருக்கிறார்கள். நமது விடுவிக்கப்பட்ட காணிகளில் நிலத்தின்மேல் உள்ளதைத் தேடியவர்கள் உண்டு. கிணறு கிணறாகப் போய் இதைத் தேடியவர் எவரையும் அக்கா கண்டதில்லை. மருமகனுடைய பயத்திற்கு அவன் சூட்டிய பெயர் பிழையாக இருக்கலாம். பயமே பிழை என்று எழுந்து போய்விட எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு இன்னொரு காரணம் சுன்னாகம். அச்சுவேலிக்குத் தென்மேற்கே சில மைல்களில் உள்ள அவ்வூரில், மின்நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளிற் கலந்துவிட்டது என்று மக்கள் முறையிட்டபோது, எண்ணெய் உண்டு என்றும் இல்லை என்றும் மாறி மாறி அறிக்கைகள் வந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வாளியில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கண்ணாற் கண்டவன், இல்லை என்ற அறிக்கையை என்ன செய்வான்? 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிப்பை ஏற்று, மக்களுக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு கொடுக்கும்படி மின்சாரக் கம்பனிக்குக் கட்டளையிட்டது. அந்த இடைப்பட்ட வருடங்களில் சுன்னாகத்துத் தாய்மார் ஒவ்வொரு குவளை நீரையும் எந்த மனத்துடன் பிள்ளைக்குக் கொடுத்திருப்பார்கள் என்பதை, இந்த விறாந்தைப் போத்தல்களைப் பார்த்தபோது எண்ணிக்கொண்டேன்.

ஆகவே மறுநாட் காலை ஒரு சமாதானத்துக்கு வந்தோம். அக்காவின் கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுப்பது. விடை வரும்வரை பிள்ளைக்குப் போத்தல் நீர். விடை எதுவாயினும் இரு பகுதியாரும் ஏற்பது. அக்கா தம் கையாலேயே வாளி போட்டு அள்ளி, கழுவிய போத்தலில் நிரப்பித் தந்தார். கோவில் தீர்த்தத்தைக் கொடுப்பதுபோல இரு கையாலும் தந்தார் என்று சொன்னால் மிகையன்று. அச்சுவேலிச் சந்தி வரை மருமகனும் வந்தான். சந்தையில் சின்ன வெங்காயம் குவிந்திருந்தது. புகையிலைக்காரர் ஒருவர் தம் சரக்கைத் தூக்கி முகர்ந்து காட்டினார். அவன் ஒவ்வொன்றையும் நின்று நின்று பார்த்தான். எட்டு வயதில் தகப்பனோடு வந்த சந்தையாம். “சின்னதாய்ப் போச்சு மாமா” என்றான். எல்லோருக்கும் அப்படித்தான் என்றேன்.

நாங்கள் நீரைக் கொடுத்த இடத்தில் யுரேனியம் பார்ப்பதில்லை என்றார்கள். அதற்கு வேறிடத்துக்கு அனுப்பவேண்டும். செலவும் அதிகம், நாளும் அதிகம். அனுப்பச் சொல்லி அவன் பணங்கட்டினான். மற்றவற்றின் விடை இரண்டு வாரத்தில் என் கைக்கு வந்தது. அதற்குள் அவன் இலண்டன் திரும்பிவிட்டான்.

எண்ணெய் இல்லை, ஈயம் இல்லை. நைத்திரேற்று மாத்திரம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. இது யுத்தம் கொண்டுவந்ததன்று. வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் நாமே மூட்டை மூட்டையாகக் கொட்டிய உரமும், கிணற்றுக்கு அருகே வெட்டிய மலகூடக் குழிகளும் கொண்டுவந்தது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இது மிகுந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். போத்தற்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இந்த நீரிற் பால் கரைத்துக் கொடுத்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழந்து உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதைத் தாய்மார்கள் அவசியம் மனத்திற் கொள்ளவேண்டும்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். கிணறு தோற்றதா வென்றதா என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. பக்கத்துத் தோட்டக்காரரைக் கூப்பிட்டு உரம் போடுவதைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தார். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் அவர் தோட்டத்து வரம்பில் இரண்டு புது உரமூட்டைகள் இருந்ததை நான் கண்டேன், அக்காவுக்குச் சொல்லவில்லை. கைக்குழந்தையுள்ள அயல்வீட்டுப் பெண்ணுக்கு மாத்திரம் சொல்லி, அவள் பிரதேசசபைத் தண்ணீர் பிடிக்கத் தொடங்கியிருக்கிறாள்.

யுரேனிய விடை இன்னும் வரவில்லை. நான் புறப்படும்போது அக்கா சுவாமியறைக்குள் போய்ப் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து விரித்தார். அதற்குள் அந்தப் பழைய அட்டை இருந்தது. மருமகன் போகும்போது மேசையில் விட்டுவிட்டுப் போனானாம். மறந்துபோய் விட்டானா, வேண்டாமென்று விட்டானா தெரியாது. எறிய மனமில்லாமல் எடுத்து வைத்திருக்கிறார்.

“இதென்ன தம்பி, கடவுச்சீட்டுப்போலை ஏதுமோ? அனுப்பவேணுமோ?”

அங்கிருந்தே அவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். இலண்டனில் காலை நேரம். அவன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். நைத்திரேற்றுக் கதையைச் சொன்னேன், சிரித்தான். பெரியம்மா இனிக் குடிக்கலாமா என்று கேட்டான். பெரியவர்களுக்குப் பெரிய பயமில்லை, அவர் எப்படியும் நிறுத்தப் போவதுமில்லை என்றேன். பிறகு அட்டையைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் சத்தமில்லை. மேலே பலாலிக்கு இறங்கும் விமானமொன்றின் இரைச்சல் கேட்டது. அக்கா வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார்.

“தபாலிலை வேண்டாம் மாமா,” என்றான் கடைசியில். “படம் பிடிச்சு அனுப்புங்கோ. இரண்டு பக்கமும். டொக்டரிட்டை காட்டவேணும்.”

கிணற்றுக்கட்டில் வெளிச்சம் நன்றாக இருந்தது. அங்கே வைத்து இரு பக்கத்தையும் படம்பிடித்து அனுப்பிவிட்டு, அக்கா தந்த தண்ணீரைக் குடித்தேன்.